தீபக் கையெழுத்து

போன மாதம் எனக்கு ஒரு மிக்ஸி ஜார் பார்சலில் வந்தது. கொண்டுவந்தவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கம்மா" என்றார். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, நாலு எண்ணையும் படித்துச் சொன்ன பிறகுதான் பெட்டி என் கைக்கு வந்தது. எதிர் வீட்டுக்காரி, "ஒரு பொருள வாங்கறதுக்குள்ள இன்னா ரோதனை பாருங்க" என்று அலுத்துக்கொண்டாள். எனக்கு அது ரோதனையாகத் தெரியவில்லை. இந்த நாலு எண் என் காலத்தில் இருந்திருந்தால் நான் ஒரு தப்பைச் செய்திருக்க முடியாது.

எங்கள் பழைய கூரியர் ஆபீஸை இப்போது பார்த்துக்கொள்ளும் பெண், "உங்க அனுபவத்த எழுதிக் குடுங்கக்கா, புதுசா சேர்றவங்களுக்குப் படிச்சுக் காட்டலாம்" என்று ரொம்ப நாளாகக் கேட்கிறாள். அவள் எதிர்பார்ப்பது மழையில் நனைந்து தபால் சேர்த்த கதையாக இருக்கும். உட்கார்ந்து எழுதினால் எனக்கு வருவது இதுதான்.

1989இல் நான் வேலைக்குச் சேர்ந்தேன். ஊர் கீழ்பென்னாத்தூர். கல்யாணமான நாலாம் வருஷம் வீட்டுக்காரர் போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. அண்ணன்மார் வீட்டில் வேர்க்கடலை உரித்துக்கொண்டு காலம் தள்ள எனக்கு இஷ்டமில்லை. வேலூரில் பதினைந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். எடை போடுவது, கவர் ஒட்டுவது, டெலிவரி ஷீட் எழுதுவது, அவ்வளவுதான். திருவண்ணாமலைக் கிளையில் தேரடிப் பக்கம் ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, ஒரு தராசு, ஒரு போன். கவுன்டரில் நான், வெளியே டெலிவரிக்கு ஏழுமலை. முதலில் அவரிடம் சைக்கிள் இருந்தது, பிறகு மொபெட் வந்தது.

டெலிவரி ஷீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காலையில் வேலூர் வண்டியில் மூட்டை வரும். பிரித்து, ஒவ்வொரு கவருக்கும் ஒரு வரி எழுதுவேன். பெயர், தெரு, கடைசிக் கட்டத்தில் வாங்கியவர் கையெழுத்து, நேரம். சாயங்காலம் ஏழுமலை வந்ததும் கையெழுத்து இல்லாத வரிகளை எண்ணுவேன். அதற்குப் பெண்டிங் என்று பெயர்.

எங்கள் மேனேஜர் பரந்தாமன் வேலூரில் இருந்தார். இருபது வருஷத்தில் அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் செய்வார். "இன்னிக்குப் பெண்டிங் எவ்வளவும்மா?" என்பார். "ஒண்ணுமில்ல சார்" என்றால், "சந்தோஷம்" என்று வைத்துவிடுவார். "நாலு சார்" என்றால் பேசமாட்டார். வைக்கவும் மாட்டார். அவர் மேஜைமேல் இருக்கும் கடிகாரச் சத்தம் எனக்குக் கேட்கும். நானாகக் காரணம் சொல்வேன். அதற்கும் பேசமாட்டார். கடைசியில், "பார்த்துக்கலாம்மா" என்பார். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து ஏழுமலை பூட்டின வீட்டுக்கு ஒரே நாளில் மூன்று தடவை போயிருக்கிறார்.

கார்த்திகை தீபத்துக்கு இந்த ஊர் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். உள்ளே மொபெட் என்ன, ஒரு தள்ளுவண்டிகூட நகராது. நான் சேர்ந்த முதல் வருஷம் தீபத்துக்கு மூன்று நாள் முன்பு அறுபத்துச் சொச்சம் கவர் தேங்கிப்போனது. ஆறு மணிக்குப் போன் வந்தது. எண்ணிக்கையைச் சொன்னேன். கடிகாரச் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கழித்து, "வேற கிளையிலயும் திருவிழா வருதும்மா. அவங்க ஷீட்டெல்லாம் க்ளீனா வருது" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் நானும் ஏழுமலையும் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு அறுபத்துச் சொச்சம் கையெழுத்தும் போட்டோம்.

அதற்குத் தீபக் கையெழுத்து என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். சரக்கு அலமாரியில் இருக்கும். ஷீட்டில் டெலிவரி ஆகியிருக்கும். கூட்டம் கலைந்த பிறகு ஏழுமலை கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். ஊர்க்காரர்கள் யாரும் தீபத்தின்போது தபாலை எதிர்பார்ப்பதில்லை, அதனால் ஒரு புகார் வந்ததில்லை. எனக்கு அதில் கெட்டிக்காரத்தனம் வேறு. பன்னிரண்டு விதமாகக் கையெழுத்துப் போடுவேன். நேரத்தை முழு மணியாக எழுதமாட்டேன். பத்து பதினேழு, பதினொன்று நாற்பது என்றுதான் போடுவேன், நம்பும்படி இருக்க வேண்டுமல்லவா? இப்படிப் பதினெட்டுப் பத்தொன்பது தீபம் போனது. இடையில் கம்ப்யூட்டர் வந்தது. ஷீட்டைப் படமெடுத்து வேலூருக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். அனுப்பினேன்.

பிறகு இன்டர்நெட்டில் சாமான் வாங்கும் காலம் வந்தது. கவர்கள் கம்மியாகி அட்டைப்பெட்டிகள் ஜாஸ்தியாகின. நான் ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கும்போது, தீபத்துக்கு மூன்று நாள் முன்பு வந்த மூட்டையில் வேங்கிக்கால் மரகதம் என்ற பெயருக்கு ஒரு பெட்டி இருந்தது. எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ஒரு ஆன்லைன் கடையிலிருந்து வந்தது. வேங்கிக்கால் ஊர் ஓரம்தான், நடந்தே போயிருக்கலாம். ஒரு பெட்டிக்காக அந்தக் கூட்டத்தில் யார் நடப்பது என்று நாங்கள் இருவரும் நினைத்தோம், வாய்விட்டுச் சொல்லவில்லை. மரகதம் என்று கொஞ்சம் சாய்த்துக் கையெழுத்துப் போட்டு, பதினொன்று நாற்பது என்று நேரம் எழுதினேன். தீபம் முடிந்து இரண்டாம் நாள் ஏழுமலை பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

நாலு நாள் கழித்து அந்தப் பெட்டியைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒரு அம்மா ஆபீஸுக்கு வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். காதில் மெஷின். "நான்தாம்மா மரகதம். கிராம நர்ஸா இருந்து ரிட்டேர் ஆனவ" என்றார். தெருவே திரும்பிப் பார்க்கும் குரல். காது மந்தமானவர்களுக்குத் தங்கள் சத்தம் தெரிவதில்லை.

பெட்டியில் இருந்தது ஒரு டெலிபோன். பெரிய பெரிய எண்கள், சத்தத்தைக் கூட்டிக்கொள்ள ஒரு திருகு. வெளிநாட்டில் இருக்கும் ஒரே மகள் அம்மாவுக்காக ஆர்டர் செய்தது. வீட்டில் இருந்த பழைய போனில் காது மெஷினோடு ரிசீவரை வைத்தால் கீச்சென்று கத்துமாம். மெஷினைக் கழற்றினால் மகள் குரல் வெறும் இரைச்சலாகக் கேட்குமாம். புதுப் போனை மாட்டியும் ஒரு சத்தமும் இல்லை. காதுதான் முழுசாகப் போய்விட்டது என்று இரண்டு நாள் அழுதிருக்கிறார். லைன்மேன் வந்து பார்த்துவிட்டு, "உங்க காது செத்துப்போவலம்மா, இந்தப் புதுப் போன்தான் செத்துப்போயிருக்குது" என்றாராம். அதைச் சொல்லிச் சிரித்தார்.

"கடைக்குப் போன் பண்ணி நீதான் பேசணும். எனக்குக் கேக்காது. என் பொண்ணு வாயும் வயிறுமா இருக்கறா, அவள இதுக்கெல்லாம் தொந்தரவு பண்ணக் கூடாது. தை கடைசில பிரசவம். என்னக் கூப்புடுவா. மார்கழி பொறந்து பத்து நாளுக்குள்ள கூப்புட்டாத்தான் விசா எடுத்துப் போவ முடியும். பாஸ்போர்ட்டு எடுத்து ரெடியா வெச்சிருக்கேன்."

"நீங்களே வரேன்னு சொல்லிட வேண்டியதுதானே நர்சம்மா?"

"அதெப்படி? அவ வாய தொறந்து கூப்புடணும். நானா போய் நின்னா சம்பந்தி வீட்ல இன்னா நெனைப்பாங்க?"

ஆயிரம் பிரசவமாவது பார்த்திருப்பார் அந்த அம்மா. அவருக்கு அந்தப் போன் வேண்டியிருந்தது, மகள் கூப்பிடுவதைக் காதால் கேட்பதற்கு.

கடையின் உதவி எண்ணுக்குப் போட்டேன். ஆங்கிலத்துக்கு ஒன்று, இந்திக்கு இரண்டு. தமிழுக்கு ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தோடு ஒன்றை அமுக்கினேன். ஒரு பாட்டு ஓடிற்று. பாட்டுக்கு நடுவில், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒருத்தி சொல்வாள். மறுபடி பாட்டு. இருபது நிமிஷம். பேச வந்தவர், வாங்கியவரிடம்தான் பேசுவேன் என்றார். அவருக்குக் காது கேட்காது என்றேன். அப்படியானால் அவரையே பேசச் சொல்லுங்கள் என்றார். மூன்றாம் நாள் அங்கே ஒரு தமிழ்ப் பெண் கிடைத்தாள். அதற்குள் எனக்குப் புத்தி வந்திருந்தது. "நான்தாம்மா மரகதம் பேசறேன்" என்றேன்.

"சொல்லுங்க மேடம். உங்க சிரமத்துக்கு மன்னிக்கணும் மேடம். பொருள் கிடைச்ச ஏழு நாளுக்குள்ள சொல்லியிருந்தா மாத்திக் குடுத்திருப்போம். நீங்க ஏழு நாள் தாண்டித்தான் முதல் புகார் குடுத்திருக்கீங்க."

"இல்லியே, கையில கெடைச்சு நாலாம் நாளே கூப்பிட்டேனே."

"மேடம், உங்க கையெழுத்து இங்க திரையில இருக்கு. தீபத்துக்கு மூணு நாள் முன்னாடியே வாங்கியிருக்கீங்க. நேரம் பதினொன்று நாற்பது."

எதிரே நர்சம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மரகதமாகக் கையெழுத்துப் போட்டதும் நான்தான், மரகதமாகப் பேசுவதும் நான்தான். அந்தப் பெண் நல்லவள். குரலைத் தாழ்த்தி, "தேதி தப்புன்னா, கூரியர் ஆபீஸ்ல இருந்து அவங்க லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம் வாங்கி அனுப்புங்க மேடம். நெஜமா என்னிக்கு குடுத்தாங்கன்னு எழுதியிருந்தா போதும், உடனே மாத்திடுவாங்க" என்றாள்.

லெட்டர்ஹெட் என் மேஜை டிராயரில்தான் இருந்தது.

"இன்னா சொல்றா?" என்றார் நர்சம்மா.

"ஏதோ கடுதாசி கேக்கறாங்க. மேலிடத்துல இருந்து வரணும்" என்றேன்.

அன்று ஆறு மணிக்குப் பரந்தாமன் சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். கடிகாரச் சத்தம் கேட்டது. "எழுதலாம்மா. ஒரு பெட்டிக்கு எழுதினா, அன்னிக்கு ஷீட்ல இருக்கற எல்லாத்தையும் கேப்பாங்க. அதுக்கு முந்தின வருஷத்தையும் கேப்பாங்க. உங்களுக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு ஒரு வருஷம்தானே இருக்கு?" என்றார். பிறகு, "பார்த்துக்கலாம்மா" என்றார்.

நான் எழுதவில்லை. தினமும் அந்தக் கடைக்குப் போன் செய்தேன், அதை நாள் தவறாமல் செய்தேன். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு புகார் எண் கொடுப்பார்கள். பழைய எண்ணைச் சொன்னால் அது முடிந்துவிட்டது என்பார்கள். ஒருத்தர் சென்னைக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஒருத்தர் போனை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஏழுமலை அந்தப் பாட்டை வாயாலேயே முனக ஆரம்பித்துவிட்டார். நானும் கடைக்காரர்களைத் திட்டினேன். மனசாரத் திட்டினேன் என்பதுதான் வேடிக்கை.

நர்சம்மா தினமும் பதினொரு மணிக்கு வந்துவிடுவார். பிளாஸ்கில் காபி இருக்கும். எனக்கு ஒரு டம்ளர் ஊற்றி, தனக்கு மூடியில் ஊற்றிக்கொள்வார். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பிரசவக் கதைகள் சொல்வார். மாட்டு வண்டியில் பிறந்தது, பஸ் படிக்கட்டில் பிறந்தது. "நீ ஏன் வசந்தா இவ்ளோ எளைச்சுக் கெடக்கற? காலைல இன்னா சாப்புட்ட?" என்று கேட்பார். நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்க அதற்கு முன்பு பல வருஷமாக ஆள் இல்லை. பத்தரைக்கே நாற்காலியைத் துடைத்துப் போட்டு வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வரமாட்டார், அன்றைக்கு மகள் போன் செய்யும் நாள். எனக்கு அந்த ஞாயிறுகள் நகராது.

மார்கழி பிறந்தது. ஒரு சனிக்கிழமை காபியை ஊற்றாமலே உட்கார்ந்திருந்தார்.

"நாளிக்கு வீட்டுக்கு வா வசந்தா. பத்து மணிக்கு அவ போன் பண்ணுவா. நீ வாங்கிக் கேளு. என்னக் கூப்புடுறாளா இல்லியான்னு மட்டும் கேட்டுச் சொல்லு. எனக்கு ஒண்ணும் புரியல. கேக்கலன்னு அவகிட்ட சொல்லவும் வாய் வரல. ஆசையா வாங்கி அனுப்பினா."

போனேன். புது வீடு, இரண்டு அறை. கூடத்தில் பழைய போன், அதன் பக்கத்தில் பாஸ்போர்ட் ஒரு பிளாஸ்டிக் உறையில். மணி அடித்ததும் நர்சம்மா காது மெஷினைக் கழற்றி ரிசீவரை எடுத்து, "நல்லா இருக்கேம்மா! நீ ஒடம்ப பாத்துக்கோ!" என்று கத்திவிட்டு என்னிடம் கொடுத்தார்.

"யாருங்க பேசறது?" என்றாள் மகள்.

"நான் அம்மாவோட சிநேகிதிம்மா." அப்படி என்னைச் சொல்லிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"நல்லதாப் போச்சு ஆன்ட்டி. நீங்களாவது கேட்டுச் சொல்லுங்க. மூணு வாரமா கேக்கறேன், பிரசவத்துக்கு வர்றியாம்மான்னு. எதக் கேட்டாலும் சரிம்மா, நல்லா இருக்கேன், ஒடம்ப பாத்துக்கோன்னு வெச்சிடறாங்க. வர இஷ்டமில்லன்னு நேராவே சொல்லலாமில்ல?"

"அம்மாவுக்குக் கேக்கலம்மா. அந்தப் புதுப் போன் வேலை செய்யல."

"டெலிவரி ஆயிடுச்சின்னு எனக்கு மெயில் வந்துச்சே. கையெழுத்துகூடப் பார்த்தேன். அம்மாவும் வந்துச்சின்னுதானே சொன்னாங்க. நல்லாக் கேக்குது, வேணும்னுதான் பதில் சொல்லலன்னு நெனச்சேன்..." அவள் குரல் உடைந்துவிட்டது. "முந்தாநாள்தான் மாமியாருக்கு டிக்கெட் போட்டோம். ஒரே ரூம் வீடு ஆன்ட்டி. இன்னொருத்தர் தங்க எடமில்ல."

ரிசீவரை வைத்தேன். நர்சம்மா மெஷினைக் காதில் மாட்டிக்கொண்டு காத்திருந்தார். "கூப்புட்டாளா?"

"கூப்பிட்டாங்க. மூணு வாரமா கூப்பிட்டிருக்காங்க. நீங்க பதில் சொல்லலன்னு மாமியாருக்கு டிக்கெட் போட்டுட்டாங்க."

அவர் பாஸ்போர்ட் உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அந்தக் கடைக்காரன் வெளங்குவானா? சொன்ன அன்னிக்கே மாத்திக் குடுத்திருந்தா நான் போயிருப்பேன்" என்றார்.

நான் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்குச் சந்தேகம் வர வழியே இல்லை. ஆனால் அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு எனக்கு அதைச் சொல்ல முடியவில்லை.

"கடைக்காரன் இல்ல நர்சம்மா. நான்தான்." அவருக்குக் கேட்கவில்லை. எழுந்து கிட்டே போய்ச் சத்தமாகச் சொன்னேன். கையெழுத்தைச் சொன்னேன், பதினொன்று நாற்பதைச் சொன்னேன், அவர்கள் கேட்ட கடிதத்தைச் சொன்னேன். பக்கத்து வீட்டு மாடியில் துணி உலர்த்தியவள் எட்டிப் பார்த்தாள்.

"மொதல் நாளே உனக்குத் தெரியுமா?"

"மூணாம் நாள் தெரிஞ்சுது."

"அந்தக் கடுதாசி எழுத எத்தினி நேரம் ஆவும்?"

"அஞ்சு நிமிஷம்."

"அப்பறம் ஏன் எழுதல?"

வேலை போய்விடும் என்று பயந்தேன் என்றேன். அது பொய்யில்லை. இன்னொரு காரணமும் இருந்தது, அதைச் சொல்லவில்லை. போன் சரியாகிவிட்டால் பதினொரு மணிக்கு அவர் வரமாட்டார். அந்தக் கடுதாசியை எழுத இரண்டு தடவை பேனாவை எடுத்தேன். இரண்டு தடவையும் நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்ததற்குப் பரந்தாமன் சார் பாதிக் காரணம்தான். மீதியை இத்தனை வருஷம் கழித்து இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

நர்சம்மா என்னைத் திட்டவில்லை. "போய்ட்டு வா" என்றார்.

திங்கட்கிழமை லெட்டர்ஹெட்டில் எழுதினேன். பொருள் கொடுத்த உண்மையான நாள், கையெழுத்து நான் போட்டது, கீழே என் பெயர். ஆறு மணிக்குப் பரந்தாமன் சாரிடம் சொன்னேன். நீண்ட நேரம் பேசவில்லை. இந்தத் தடவை நானும் காரணம் சொல்லவில்லை. "சரிம்மா" என்று வைத்துவிட்டார். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. பதில் எழுதிப் போட்டேன். அதோடு சரி. மூன்று வாரம் நான் பயந்தது அந்த ஒரு தாளுக்கு.

எட்டாம் நாள் புதுப் போன் வந்தது. ஏழுமலையிடம் கொடுக்காமல் நானே கொண்டுபோனேன். நர்சம்மா வாசலிலேயே பெட்டியைப் பிரித்து, உள்ளே போய் மாட்டி, சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். ஷீட்டை வாங்கி, பெயர், தேதி, நேரம் எல்லாம் திருத்தமாக எழுதிக் கொடுத்தார். நர்ஸ் வேலையில் ரிஜிஸ்தர் எழுதிப் பழகின கை. உள்ளே வா என்று சொல்லவில்லை. நானும் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு பதினொரு மணிக்கு அவர் வரவில்லை. நாற்காலியை மட்டும் நான் எடுக்கவில்லை. ஏழுமலை அதில் மூட்டையை வைத்தால் எடுத்துக் கீழே வைப்பேன். அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று அவருக்கு விளங்கவில்லை. தை கடைசியில், "அந்த நர்சம்மா பொண்ணுக்குப் பையன் பொறந்துட்டானாம்க்கா, தெருவுக்கே சர்க்கரை குடுத்தாங்க" என்று வந்து சொன்னார். எங்களுக்கு வரவில்லை.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தைக்கு ஒரு சட்டை வாங்கிக்கொண்டு வேங்கிக்கால் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும், உள்ளே விட்டால் ஒரு காபி குடிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. வாசல் கேட் அருகே போகும்போது பத்து மணி. உள்ளே போன் மணி அடித்தது. தெருவரை கேட்கும் மணி. முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார்.

"கேக்குதுடா கண்ணு, நல்லாக் கேக்குது! அழறானா? கிட்ட வெய்யி. ஆங், இது பசி அழுகைடி. பால குடு மொதல்ல!" சிரித்தார். அந்தச் சிரிப்பை எங்கள் ஆபீஸில் எத்தனையோ நாள் கேட்டிருக்கிறேன். கேட்டின் கொக்கியில் கை வைத்தேன்.

மகள் ஏதோ கேட்டிருக்க வேண்டும். நர்சம்மா அதே பெரிய குரலில் பதில் சொன்னார்.

"அந்த சிநேகிதியா? அப்படி யாரும் இல்லம்மா. இங்க யாரும் வர்றதில்ல. நான் ஒண்டியாத்தான் இருக்கேன்."

நான் கொக்கியிலிருந்து கையை எடுத்துவிட்டேன். குழந்தை பால் குடிக்கிறதா என்று உள்ளே அவர் கேட்டுக்கொண்டிருந்தார். சட்டைப் பொட்டலத்தை இடுக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.